பிறந்த குழந்தையின் இரத்தம் ஏன் மாறுகிறது?

ஒரு குழந்தை பிறந்ததும் நாம் அதன் முகத்தைப் பார்த்து, தாயைப் போலிருக்கிறதா, தந்தையைப் போலிருக்கிறதா என்று பேசிக்கொள்கிறோம். ஆனால் அந்தக் குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் தாயின் இரத்தத்தைப் போன்றதும் அன்று, தந்தையின் இரத்தத்தைப் போன்றதும் அன்று. இரத்தத்திற்குச் செந்நிறம் கொடுத்து, பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்னும் புரதம், கருவிலிருக்கும் குழந்தைக்கு ஒரு வகையாகவும், வளர்ந்த நமக்கு வேறொரு வகையாகவும் அமைந்திருக்கிறது. பிறக்கும் வேளையில் குழந்தையின் ஹீமோகுளோபினில் நூற்றுக்கு 60 முதல் 80 பங்கு வரை கரு வகைதான். ஓராண்டு நிறைவதற்குள் அது நூற்றுக்கு ஒன்றிரண்டாகத் தேய்ந்துவிடுகிறது. அந்த இடத்தை முதிர்ந்த வகை பிடித்துக்கொள்கிறது.

இந்த மாற்றத்தைச் செய்வது எது? எந்தக் கடிகாரத்தைப் பார்த்து அது செய்கிறது? இக்கேள்விக்கு விடை தேடிய கதைக்கு 150 ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. அக்கதையில் நம் சிங்கப்பூருக்கும் ஓர் இடமுண்டு. மண்ணில் நெளியும், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒரு புழுவுக்கும் இடமுண்டு.

1866-ஆம் ஆண்டு, இன்று எஸ்தோனியா நாட்டில் தார்த்து என்று வழங்கும் தோர்ப்பாட் நகரின் பல்கலைக்கழகத்தில் கேர்பர் என்பவர் தம் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை செய்தார். இரத்தத்தில் காரநீரைச் சேர்த்தால் அதன் செந்நிறம் சிதைந்துபோகும். பெரியவர்களின் இரத்தம் விரைவிலேயே சிதைந்தது. நச்சுக்கொடியிலிருந்து எடுத்த குழந்தை இரத்தமோ காரத்துக்கு எளிதில் மசியவில்லை. ஹீமோகுளோபின் என்ற பெயர் இடப்பட்டே அப்போது இரண்டாண்டுகள்தாம் ஆகியிருந்தன. ஆக, பெயர் வைத்த கையோடு அந்தப் பொருள் இரு வகைப்படும் என்பதும் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பயன்? அது மருத்துவருக்கு உதவும் செய்தியாவதற்கு இன்னும் 80 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஜேனட் வாட்சன் என்னும் குழந்தை மருத்துவர் பணியாற்றி வந்தார். அரிவாள் அணுச் சோகை என்றொரு பரம்பரை நோய் உண்டு. அந்நோயில் வட்டமாக இருக்கவேண்டிய சிவப்பணு பிராணவாயு குறையும்போது அரிவாளைப் போல் வளைந்து, சிறு குழாய்களில் சிக்கி, பொறுக்கமுடியாத வலியைத் தரும். அந்நோயின் கூறுடன் பிறந்த பச்சிளங் குழந்தைகளின் இரத்தத்தில் வளைந்த அணுக்கள் மிகக் குறைவாக இருப்பதை வாட்சன் கவனித்தார். மாதங்கள் செல்லச் செல்ல அவை பெருகின. 1948-ல் அவர் சொன்ன விளக்கம் எளியது: குழந்தையிடம் எஞ்சியிருக்கும் கரு ஹீமோகுளோபின்தான் அதற்குக் காப்பு. காப்பு தேயத் தேய நோய் தலைகாட்டுகிறது.

நம் நாடுகளில் அரிவாள் அணுச் சோகை அரிது. ஆனால் அதன் உறவுக்கார நோயான தலசீமியாவை நாம் அறிவோம். மலாய்க்காரரிடத்தும் சீனரிடத்தும் அது மிகுதி; இந்தியரிடத்தும் இல்லாமலில்லை. அந்நோயின் கடுமையான வகையோடு பிறக்கும் குழந்தை பிறந்தபோது கொழுகொழுவென்றுதான் இருக்கும். நான்கைந்து மாதமானதும் முகம் வெளுக்கும், பால் குடிக்காது, வயிறு உப்பும். கண்ணேறு பட்டுவிட்டது என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்லக்கூடும். உண்மையில் நடந்தது என்ன? கரு ஹீமோகுளோபின் விடைபெற்றது. அதன் இடத்துக்கு வரவேண்டியது வரவில்லை.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். 1958 முதல் 1960 வரை பிரிட்டிஷ் இராணுவ மருத்துவமனையில் டேவிட் வெதரால் என்னும் இளம் மருத்துவர் கட்டாய இராணுவச் சேவையில் இருந்தார். குழந்தைகள் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே கூர்க்கா வீரர் ஒருவரின் மகள் கடும் சோகையோடு படுத்திருந்தாள். இரத்தம் ஏற்றினால் தேறுவாள். சில வாரங்களில் மீண்டும் வெளுப்பாள். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் உயிர் வேதியியல் துறையில் பிராங்க் வெல்லா என்பவர் இருந்தார். அவருடைய துணையோடு, கார் பேட்டரிகளையும் வடிதாளையும் கொண்டு வெதரால் ஒரு மின்பிரிப்புச் சோதனையைத் தாமே ஏற்பாடு செய்துகொண்டார். நோய் தலசீமியா என்று தெரிந்தது. நேப்பாள மக்களிடமும் அந்நோய் உண்டு என்பது அன்று புதுச் செய்தி. 1960-ல் அது பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தபோது, கூர்க்காப் படையினரின் குடும்பத்தில் இப்படியொரு பரம்பரைக் குறையுண்டு என்று வெளியிடலாமா என இராணுவ மேலிடம் அவரைக் கடிந்துகொண்டதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் ஆக்ஸ்போர்டில் தலசீமியா ஆய்வுக்கு உலகத் தலைமை தாங்கியவர் இவரே. 2018-ல் மறைந்தார்.

வெதராலும் அவருடைய தோழர்களும் 1965-ல் காட்டியது என்னவென்று பார்ப்போம். ஹீமோகுளோபின் நான்கு இழைகளால் ஆனது. இரண்டு ஆல்பா இழைகள். அவற்றோடு கருவில் இரண்டு காமா இழைகள், வளர்ந்தவரிடம் இரண்டு பீட்டா இழைகள். பீட்டா தலசீமியாவில் பீட்டா இழை போதிய அளவு உண்டாவதில்லை. துணையில்லாத ஆல்பா இழைகள் குவிந்து, வளரும் அணுவையே கெடுத்துவிடுகின்றன. அப்படியானால், காமா இழையைத் தொடர்ந்து உண்டாகும்படி செய்துவிட்டால் போதுமே! ஆல்பாவுக்குத் துணை கிடைத்துவிடும்.

இது வெறுங்கனவு அன்று என்பதற்குச் சான்று முன்னமே இருந்தது. 1955-ல், அன்று கோல்ட் கோஸ்ட் என்றும் பின்னர் கானா என்றும் பெயர் பெற்ற நாட்டில், எடிங்டன், லேமன் என்னும் இருவர், வளர்ந்த பின்னும் கரு ஹீமோகுளோபின் மிகுதியாக உள்ளவர்களைக் கண்டறிந்து எழுதினர். அத்தகையோருக்கு அதனால் ஒரு நோயும் இல்லை. இயற்கை சிலரிடம் அந்த மாற்றத்தைச் செய்ய மறந்திருக்கிறது. மறந்ததால் கேடு விளையவுமில்லை. ஆகவே கேள்வி ஒன்றாகச் சுருங்கியது: மாற்றத்தை நடத்தும் விசை எங்கே இருக்கிறது?

1964-ல் வேறொரு பக்கத்திலிருந்து ஒரு புதிர் வந்து சேர்ந்தது. மனிதனுக்கு ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு படிகள் உண்டு. பதின்மூன்றாம் குரோமோசோம் மட்டும் மூன்று படிகளாக அமைந்து பிறக்கும் குழந்தைகள் பல உறுப்புக் குறைகளோடு பிறந்து பெரும்பாலும் விரைவில் இறந்துவிடுகின்றன. அக்குழந்தைகளிடம் கரு ஹீமோகுளோபின் வழக்கத்தைவிட நெடுநாள் நீடிப்பதை ஹ்யூன்ஸ், மோட்டுல்ஸ்கி முதலியோர் கண்டனர். காமா, பீட்டா மரபணுக்கள் இருப்பதோ பதினொன்றாம் குரோமோசோமில். பதின்மூன்றில் ஒரு படி கூடினால் பதினொன்றில் உள்ள வேலை ஏன் தாமதமாக வேண்டும்? எவருக்கும் தெரியவில்லை. அந்தப் புதிர் 47 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. நாமும் அதைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் புழுவிடம் செல்வோம்.

ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த மண்புழுவினத்தை உழவர் அறிந்த மண்புழுவென்று எண்ணிவிடக் கூடாது. இது உருளைப்புழு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலுடையது. எந்த அணு எப்போது பிரியும் என்பது அதனிடம் கணக்காக இருப்பதால் ஆய்வாளர்களுக்கு அது செல்லப்பிள்ளை. அமெரிக்காவில் விக்டர் அம்புரோஸ், கேரி ரவ்குன் என்னும் இருவர் காலம் தவறும் புழுக்களை ஆராய்ந்தனர். லின் 4 என்னும் மரபணு கெட்ட புழு, முதற் பருவத்து வேலையையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும், முதிராது. இந்த லின் 4 ஒரு புரதத்தை உண்டாக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தனர். 1993-ல் கண்டதோ வேறு. அதிலிருந்து வந்தது 22 எழுத்துகளே கொண்ட ஒரு சிறு ஆர்.என்.ஏ. துணுக்கு. அது லின் 14 என்ற வேறொரு மரபணுவின் செய்தியோடு ஒட்டிக்கொண்டு, அச்செய்தியிலிருந்து புரதம் உண்டாகாமல் தடுத்தது.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை உவமையாகச் சொல்லலாம். துரை ஆபீசில் இருக்கிறார். எந்தக் காட்டில் பால் வெட்டு, எத்தனை ஆள் என்று சீட்டு எழுதி அனுப்புகிறார். சீட்டு கிராணியின் கைக்கு வந்து, மண்டோரிடம் போய், வேலை நடக்கிறது. அணுவின் உட்கருவில் இருக்கும் மரபணுவே துரையின் பேரேடு. அதிலிருந்து படியெடுத்து வெளிவரும் தூது ஆர்.என்.ஏ. சீட்டு. நடந்து முடிந்த வேலை புரதம். நுண் ஆர்.என்.ஏ. என்னும் துணுக்கு வழியில் புகுந்து சீட்டின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு மண்டோரால் அதைப் படிக்க முடிவதில்லை. பலமுறை சீட்டே கிழிந்துபோகிறது. துரை உத்தரவு போட்டார் என்பது உண்மை. வேலை நடக்கவில்லை என்பதும் உண்மை.

புழுவுக்கு மட்டும் உரிய விநோதம் என்றே ஏழாண்டுகள் பலரும் அதை விட்டுவைத்தனர். 2000-ல் ரவ்குனின் ஆய்வுக்கூடம் லெட் 7 என்னும் இரண்டாவது துணுக்கைக் கண்டது. அது ஈயிலும் இருந்தது, மீனிலும் இருந்தது, மனிதனிலும் எழுத்து மாறாமல் இருந்தது. மறு ஆண்டு இவ்வகைத் துணுக்குகளுக்கு நுண் ஆர்.என்.ஏ. என்று பொதுப் பெயர் ஏற்பட்டது.

சிவப்பணுவுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? நம் எலும்பு மஜ்ஜையில் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. ஒவ்வொன்றும் முதிர்ந்து முடியும் தறுவாயில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. அதாவது, துரை பேரேட்டோடு தோட்டத்தை விட்டே போய்விடுகிறார்! இனிப் புதுச் சீட்டு வராது. ஏற்கெனவே வந்த சீட்டுகளில் எதை நடத்துவது, எதை நிறுத்துவது என்பதில்தான் கடைசி நேர வேலை முழுதும் இருக்கிறது. நுண் ஆர்.என்.ஏ.வுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

2005-ல் ரோம் நகர ஆய்வாளர்கள் முதலில் வழிகாட்டினர். 221, 222 என்று எண்ணிடப்பட்ட இரு துணுக்குகள், கிட் என்னும் புரதத்தின் சீட்டைத் தடுக்கின்றன. சிவப்பணுவின் இளம் முன்னோடிகள் பெருகுவதற்குக் கிட் வேண்டும். அவை வளரத் தொடங்கும்போது இவ்விரு துணுக்குகளும் குறைந்து கிட்டுக்கு வழிவிடுகின்றன. 2008-ல் பிலடெல்பியாவில் மிச்சல் வைஸ் குழுவினர் வேறோர் இணையைக் கண்டனர். சிவப்பணு உருவாக்கத்தை முன்னின்று நடத்தும் காட்டா 1 என்ற புரதம், 144, 451 ஆகிய இரண்டு துணுக்குகளைச் சேர்த்தே தூண்டிவிடுகிறது. முதிரும் சிவப்பணுவில் 451-ஆம் துணுக்கு மலைபோல் குவிந்து கிடக்கிறது. இவ்வளவு இருக்கிறதே, இதை நீக்கிவிட்டால் எலி செத்தே போகும் என்றுதான் எண்ணத் தோன்றும். 2010-ல் நீக்கிப் பார்த்தார்கள். எலி உயிரோடுதான் இருந்தது, சற்றே சோகை. ஆனால் இரத்தத்தைத் துருப்பிடிக்கச் செய்வதுபோன்ற ஒரு மருந்தைக் கொடுத்தபோது அதன் சிவப்பணுக்கள் மளமளவென்று அழிந்தன. நல்ல காலத்தில் வேலையில்லாததுபோல் தோன்றி, நெருக்கடியில் கைகொடுக்கும் காவற்காரன் அது.

இனி கரு ஹீமோகுளோபினுக்குத் திரும்புவோம். 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. வளர்ந்தவர்களில் சிலருக்குக் கரு ஹீமோகுளோபின் சற்று மிகுதி, சிலருக்குக் குறைவு. இந்த வேறுபாடு மரபணுத் தொகுதியில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பலர் தேடினர். அவர்களுள் முன்னணியில் நின்றவர் மலேசியாவைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் சுவீ லே தெய்ன். இலண்டனில் இருந்த அவருடைய குழு, இரண்டாம் குரோமோசோமில் உள்ள பி.சி.எல். 11 ஏ என்னும் மரபணுவையும், ஆறாம் குரோமோசோமில் மிப் என்னும் மரபணுவின் பக்கத்தையும் சுட்டியது. ஆறாம் குரோமோசோமுக்கு முதலில் வழிகாட்டியது இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் பரம்பரை என்பதையும் இங்கே சொல்லிவிடுவோம். 2008-ல் பாஸ்டன் நகரில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஓர்க்கின் ஆகியோர், பி.சி.எல். 11 ஏ புரதத்தைக் குறைத்தால் காமா இழை மீண்டும் எழுகிறது என்று மெய்ப்பித்தனர். தேடிய விசை அதுவே.

அந்தப் பதின்மூன்றாம் குரோமோசோம் புதிரை ஒதுக்கி வைத்திருந்தோமல்லவா? சங்கரன் குழுவினர் அதை மீண்டும் எடுத்தனர். அக்குரோமோசோமின் முழுப்படி அன்றி ஒரு பகுதி மட்டும் மூன்றாகப் பெற்றவர்களும் உண்டு. யாருக்கு எந்தப் பகுதி கூடியிருக்கிறது, யாருக்குக் கரு ஹீமோகுளோபின் நீடித்தது என்று பழைய மருத்துவக் குறிப்புகளை ஒப்பிட்டுக் கொண்டே வந்தபோது, பொறுப்பான இடம் ஒரு சிறு பகுதியாகக் குறுகியது. அங்கேதான் 15ஏ, 16-1 என்னும் இரண்டு நுண் ஆர்.என்.ஏ.க்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. வளர்ந்தவரின் இளஞ்சிவப்பணுக்களில் இவற்றைக் கூட்டியபோது கரு ஹீமோகுளோபின் உயர்ந்தது. இவை தடுத்தது எந்தச் சீட்டை? மிப் மரபணுவின் சீட்டை! ஆறாம் குரோமோசோமில் பரம்பரை ஆய்வு சுட்டிய அதே மிப். இரண்டு திசையில் தோண்டிய கிணறுகளில் ஒரே ஊற்று. 2011-ல் இது வெளிவந்தது. அறிவியல் வரலாற்றில் நமக்கு மிகவும் பிடித்த பக்கங்களில் இது ஒன்று. மாண்டுபோன குழந்தைகளைப் பற்றி 1960-களில் ஒருவர் பொறுமையாக எழுதிவைத்த குறிப்பு இல்லையென்றால், 2011-ல் ஒப்பிடுவதற்கு என்ன இருந்திருக்கும்?

புழுவின் லெட் 7 என்ன ஆயிற்று? 2009-ல் அமெரிக்க நாட்டு நலவாழ்வு ஆய்வுக் கழகத்தினர், தொப்புள்கொடி இரத்தத்தில் லெட் 7 குறைவாகவும் பெரியவர் இரத்தத்தில் மிகுதியாகவும் இருப்பதைக் கண்டனர். லெட் 7 முதிராமல் தடுத்துவைக்கும் புரதத்துக்கு லின் 28 பி என்று பெயர். இதன் மூதாதையான லின் 28-உம் காலம் தவறிய புழுக்களிடமிருந்து வந்த பெயர்தான். கருக்காலத்துச் சிவப்பணுவில் லின் 28 பி இருக்கிறது, வளர்ந்தவரிடம் இல்லை. 2013-ல் வளர்ந்தவரின் அணுக்களில் அதைப் புகுத்தினார்கள். லெட் 7 குறைந்தது. கரு ஹீமோகுளோபின் ஏறியது. புழுவின் பருவத்தைக் கணக்கிடும் அதே பொறி மனிதக் குழந்தையின் இரத்தத்திலும் நாழிகை காட்டுகிறது என்று எழுதப் பலருக்குக் கை துறுதுறுத்தது.

ஆனால் 2020-ல் சங்கரன் குழுவினரே இதற்கு ஒரு திருத்தம் தந்தனர். லின் 28 பி, லெட் 7-ஐ நம்பியிராமல், தானே நேராகப் பி.சி.எல். 11 ஏ-யின் சீட்டைப் பற்றிக்கொண்டு புரதம் உண்டாகாமல் செய்கிறது என்று அவர்கள் காட்டினர். எனவே, நுண் ஆர்.என்.ஏ.தான் இந்த மாற்றத்தின் எஜமானன் என்று எவராவது சொன்னால் நாம் ஒப்ப வேண்டியதில்லை. எஜமானர்கள் பி.சி.எல். 11 ஏ முதலிய புரதங்கள். நுண் ஆர்.என்.ஏ.க்கள் சீட்டுகளைக் கூட்டியும் குறைத்தும் நேரத்தைச் செம்மைப்படுத்துபவை. விளக்கை அணைப்பவை அல்ல, திரியை இறக்குபவை.

இருப்பினும், சீட்டைத் தடுக்கும் அந்த வித்தையை மனிதன் கற்றுக்கொண்டான். பாஸ்டனில் அரிவாள் அணுச் சோகை உள்ள ஆறு பேருக்குச் செய்த சிகிச்சை 2020-ன் இறுதியில் வெளியாயிற்று. நோயாளியின் இரத்த மூல அணுக்களை எடுத்து, நுண் ஆர்.என்.ஏ.வின் அச்சில் செயற்கையாக வார்த்த ஒரு துணுக்கை அவற்றில் பொருத்தினர். அது சிவப்பணுவாக வளரும் அணுக்களில் மட்டும் விழித்துக்கொண்டு, பி.சி.எல். 11 ஏ-யின் சீட்டைக் கிழிக்கும். ஆறு பேருக்கும் கரு ஹீமோகுளோபின் உயர்ந்து நிலைத்தது. வேறொரு குழுவினர் சீட்டை விட்டுவிட்டுப் பேரேட்டிலேயே கைவைத்தனர், பி.சி.எல். 11 ஏ-யைச் சிவப்பணுவில் தூண்டும் பகுதியை மரபணுக் கத்தரியால் வெட்டினர். கேஸ்ஜெவி என்னும் அச்சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தன. 2024-ல் அமெரிக்கா அதைத் தலசீமியாவுக்கும் விரித்தது. அம்புரோஸுக்கும் ரவ்குனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது அதே 2024-ல்.

கேஸ்ஜெவிக்கு அமெரிக்காவில் வைத்த விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர். அதற்கு முன் மஜ்ஜையைக் காலிசெய்யக் கடும் மருந்தும் ஏற்க வேண்டும். அரிவாள் அணுச் சோகைக்குக் கரு ஹீமோகுளோபினை உயர்த்தும் மலிவான மாத்திரை ஒன்று இருக்கிறது. ஹைட்ராக்சியூரியா என்னும் அதன் பயன் 1995-லேயே மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் தலசீமியாவில் அது எல்லோருக்கும் பலிப்பதில்லை. எனவே கடும் தலசீமியா உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குச் சென்று இரத்தம் ஏற்றிக்கொள்கின்றனர். ஏற்றிய இரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற, முன்பெல்லாம் இரவு முழுதும் தோலுக்கடியில் ஊசி குத்திப் பம்பு வைக்க வேண்டியிருந்தது. 2005-க்குப் பிறகு அதற்கு நாளும் ஒருவேளை விழுங்கும் மருந்தும் வந்திருக்கிறது. காமா இழையை எழுப்பும் விலை குறைந்த மாத்திரையொன்றை, பி.சி.எல். 11 ஏ-யைத் தாக்கும் வழியிலும் பிற வழிகளிலும் ஆய்வுக்கூடங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.